'ஒண்ணும் பண்ணாது, வாங்க': வெளியாட்களைக் கண்டு மிரளாத நாயை வளர்ப்பது எப்படி?

சென்னையில் நாய் இருக்கும் வீட்டு வாசல்களில் தினமும் கேட்கிற பேச்சு இது. தண்ணீர் கேனைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்த பையன், "அக்கா, நாயைக் கட்டிடுங்க" என்று படியிலேயே நின்றுவிடுவான். "அது ஒண்ணும் பண்ணாது தம்பி, நீ வா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அந்த அக்கா பொய் சொல்லவில்லை. அவரிடம் அது ஒன்றும் பண்ணாதுதான். அவர் காலடியில் தூங்கும், பேரன் காதைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கேன் போடும் பையனுக்கும் அந்த நாய்க்கும் நடுவே அப்படி எந்தப் பழக்கமும் கிடையாது.

வீட்டாரிடம் சாதுவாக இருக்கும் நாய் வெளியாளிடமும் சாதுவாக இருக்கும் என்ற நம்பிக்கைதான் முதல் முறை நாய் வளர்ப்பவர்களிடம் நான் பார்க்கும் பெரிய ஆபத்து. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் ஆயிரக்கணக்கான நாய் வளர்ப்பாளர்களிடம் கேட்டுத் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர்களிடம் சீறும் நாய்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சூழ்நிலையில் மட்டுமே சீறின என்று அதில் தெரிந்தது. வீட்டாரிடம் சீறுபவை சில, வாசலுக்கு வருபவரிடம் சீறுபவை வேறு சில. எல்லோரிடமும் சீறும் நாய் அபூர்வம்.

வெளியாளிடம் உங்கள் நாய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, இதற்கு முன் வெளியாள் வந்தபோதெல்லாம் அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான். நல்லது நேர்ந்ததா, பயமா, அடியா, ஒன்றுமே இல்லையா? வீட்டுக்குள் நீங்கள் கொட்டும் பாசம் அந்தக் கணக்கில் தானாகப் போய்ச் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாலாட்டிக் கொஞ்சும் நாய் நமக்குத் தேவையில்லை. புது ஆளைப் பார்த்தால் ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்ப் படுக்கும் நாய் போதும். "அப்புறம் காவலுக்கு என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் உண்டு. பயத்தில் கடிக்கும் நாய் காவல் காப்பதில்லை. அது கீரைக்காரம்மாவைக் கடிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடிக்கும், கறித்துண்டோடு வரும் திருடனிடம் சில வேளை பேசாமலும் இருந்துவிடும். மனிதர்களோடு நன்றாகப் பழகிய நாய்க்கு எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு என்று தெரியும். நள்ளிரவில் கேட் அசைந்தால் அதுவும் குரைக்கும்.

குட்டியை எடுக்கும் முன்: தாயைப் பாருங்கள்

எந்த இனம் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. லேப்ரடார் என்றால் சாது, ராட்வீலர் என்றால் கொடூரம், ராஜபாளையம் என்றால் ஒரே எஜமானுக்குத்தான் அடங்கும் என்று ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருக்கிறோம். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, 18,000க்கும் அதிகமான நாய்களின் குணத்தைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டியது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது.

அதற்காகப் பிறப்பில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959 முதல் நரிகளை வைத்து ஒரு சோதனை நடந்துவருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் இனப்பெருக்கம் செய்யவிட்டார்கள். சில தலைமுறைகளுக்குள் நரிக்குட்டிகள் மனிதரிடம் வாலாட்டி வர ஆரம்பித்தன. அச்சமும் இணக்கமும் பெற்றோர் வழியே வருகின்றன. ஆகவே இனத்தின் பெயரைவிடக் குட்டியின் தாயைப் பார்ப்பது பயனுள்ளது. நீங்கள் உள்ளே நுழையும்போது தாய் நாய் எழுந்து வந்து முகர்கிறதா, மூலையில் ஒண்டிக்கொண்டு உறுமுகிறதா? "தாயைக் காட்ட முடியாது" என்று சொல்லும் இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.

இனத்தில் நிஜமாகவே கணக்கில் கொள்ள வேண்டியது உடல் பலம். ராட்வீலரும் பொமரேனியனும் ஒரே அளவு பயந்து கடித்தாலும் காயத்தின் ஆழம் ஒன்றாக இருக்காது. பெரிய நாய் வளர்ப்பவருக்குப் பொறுப்பும் அந்த அளவுக்குப் பெரிது.

இன்னொன்று வயது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. கூடையில் வைத்து விற்கிறவர்கள் கண் திறந்து சில நாளான குட்டியைக்கூட 'ஒன்றரை மாசம்' என்று கையில் திணிப்பார்கள். தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதற்கு முன் பிரிந்த குட்டி பின்னாளில் அதிகம் மிரளும், அதிகம் கவ்வும்.

3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் நடந்த சோதனை 1961இல் வெளியானது. நாய்க்குட்டிகளை உயரமான வேலியடைத்த வெளியில் மனிதர் முகமே படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை 2ஆவது வாரத்திலும், சிலவற்றை 5, 7, 9ஆவது வாரங்களிலும் ஒரே ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டு மறுபடி வேலிக்குள் அனுப்பினார்கள். சிலவற்றை 14ஆவது வாரம் வரை மனிதரிடம் விடவே இல்லை. அந்தக் கடைசிக் குட்டிகள் காட்டு விலங்குபோல ஆகிவிட்டன. பிறகு எவ்வளவு பழக்கியும் மற்றவற்றைப்போல இணங்கி வரவில்லை. அவற்றை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மனிதர்கள் பழக வேண்டிய காலத்தில் பழகவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் இதே சோதனை தெரியாமலே நடக்கிறது. 45 நாள் குட்டியை அண்ணா நகர் ஃபிளாட்டுக்குக் கொண்டுவருவார்கள். "ஊசி எல்லாம் போட்டு முடியற வரைக்கும் வெளிய விடாதீங்க" என்று யாராவது சொல்வார்கள். கடைசி ஊசி முடியும்போது குட்டிக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். அதுவரை அது பார்த்த மனிதர்கள் வீட்டிலுள்ள நாலு பேரும் வேலைக்கார அம்மாவும். கதவு அப்போதுதான் திறக்கிறது, மனிதரோடு பழகும் காலத்தின் ஜன்னல் ஏற்கெனவே மூடிவிட்டது.

ஊசி விஷயத்தில் பயம் நியாயமானது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், குட்டியைக் கொன்றுவிடும். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள், அதன் பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 16ஆவது வாரம் வரை, 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இதில் எதையும் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் ஊசி முடியும் வரை உலகத்தைக் காட்டாமல் வைத்திருக்க வேண்டியதில்லை. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதுமே பாதுகாப்பான விதத்தில் வெளியுலகத்தைப் பழக்கத் தொடங்கலாம் என்று அமெரிக்க விலங்கு நடத்தைக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. பாதுகாப்பான விதம் என்பது இதுதான்: குட்டியின் கால் தெருமண்ணில் படக் கூடாது. தூக்கிக்கொண்டு போங்கள். துணிப்பையில் வைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, மடியில் உட்காரவைத்துத் தெருவைக் காட்டுங்கள். ஊசி போட்ட நாய் இருக்கும் நண்பர் வீட்டுத் தரையில் விடலாம். ஊசி வரலாறு தெரியாத நாய்களிடம் மட்டும் அண்டவிட வேண்டாம்.

யாரையெல்லாம் காட்ட வேண்டும்? நாய்க்கு 'மனிதர்' என்ற பொது வகை கிடையாது. புடவை கட்டிய அம்மாவைத் தெரிந்த குட்டிக்கு ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன் வேறு ஏதோ ஒரு பிராணி. சென்னையில் அது வாழ்நாள் முழுக்கச் சந்திக்கப்போகிறவர்களை யோசித்துப் பாருங்கள். சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருபவர், குனிந்து கோலம் போடும் பெண், ஊன்றுகோல் தாத்தா, தாடிக்காரர், புர்கா அணிந்தவர், கார்த்திகையில் கறுப்பு வேட்டியில் மாலை போட்டவர், விசிலோடு வாட்ச்மேன், மழைக்கோட்டுக்காரர், குடை விரிப்பவர், கத்திக்கொண்டு ஓடும் பள்ளிப் பிள்ளைகள், இறுதி ஊர்வலத்தில் பறை அடித்து வருபவர்கள். தினம் இரண்டு மூன்று பேர், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம், போதும்.

காட்டுவது என்றால் கையில் கொடுப்பது இல்லை. இங்கேதான் நல்லெண்ணத்தோடு கெடுத்துவிடுகிறார்கள். எதிர்வீட்டில் ஒரு நாட்டுக் குட்டி எடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண் அதைத் தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் பழக்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதல் நாள் பத்தடி தள்ளியே குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரிப்பெட்டியின் மூடி டங்கென்று விழுந்ததும் குட்டியின் காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன, முன்னங்கால் ஒன்று மேலே தூக்கி நின்றது. அவள் ஒன்றும் பேசாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை மூக்கருகே நீட்டினாள். குட்டி வாங்கவில்லை. இன்னும் நாலடி பின்னால் போய் உட்கார்ந்தாள். இப்போது வாங்கியது. அன்றைக்கு அவ்வளவுதான், எழுந்து போய்விட்டாள். இஸ்திரிக்கார அண்ணனிடம் "அண்ணே, நீங்க அதைப் பார்க்கவே வேணாம், உங்க வேலையைப் பாருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள். சில நாளில் குட்டி தானே கழுத்தை நீட்டி, அவர் லுங்கி ஓரத்தை முகர்ந்தது. அதன் பிறகே அவர் குனியாமல் கையை மட்டும் கீழே விட்டார்.

அவள் செய்ததில் மூன்று விஷயம் இருக்கிறது. தூரத்தைக் குட்டி முடிவு செய்தது. தின்ன மறுப்பதைப் பயத்தின் அளவுகோலாக அவள் எடுத்துக்கொண்டாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள். இதற்கு மாறாகக் குட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவுக்குக் கொண்டுபோய்ப் பத்துப் பேர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்தால், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவரை முதல் நாளே கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏற்றிவிட்ட மாதிரிதான். குட்டி அமைதியாக இருப்பதுபோலத் தெரியும். பயத்தில் உறைந்து போயிருக்கும்.

வாசல் மணி

நன்றாக வளர்ந்த நாய்கூட வாசலில் கெட்டுப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. நாயின் பக்கமிருந்து யோசியுங்கள். மணி அடிக்கிறது. ஒருவன் வருகிறான். நாய் குரைக்கிறது. அவன் போய்விடுகிறான். உணவைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்காக அவன் ஓடுகிறான் என்பது நாய்க்குத் தெரியாது. 'நான் குரைத்தேன், அவன் ஓடினான்' என்றுதான் அதற்குப் படும். கூரியர், மளிகை, மருந்து, பிரியாணி என்று ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வரும் வீட்டில், நாலைந்து முறை இந்த வெற்றி கிடைக்கிறது. ஒரு வருடத்தில் அது எவ்வளவு பெரிய பயிற்சி! அப்புறம் ஒரு நாள் வந்தவன் போகாமல் உள்ளே நுழைகிறான், ஏசி ரிப்பேருக்கு. குரைத்தும் போகாத ஆளிடம் நாய் அடுத்த படிக்குப் போகிறது.

பால்கனி கிரில்லிலும் காம்பவுண்டு கேட்டிலும் நடப்பதும் இதேதான். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் 'விரட்டி' விரட்டியே நாள் கழியும். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரமோ ஷீட்டோ வைத்து மறையுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் பால்கனிக் கதவைச் சாத்துங்கள். இது சின்ன வேலை, பலன் பெரிது.

மணிக்கு இப்படிப் பழக்குங்கள்:

1. யாரும் வராத நேரத்தில் மணிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து மெதுவாக ஒலிக்கவிடுங்கள். ஒலித்த அடுத்த நொடியே, உள்ளறையில் விரித்த ஒரு பாயில் நாலு கோழித் துண்டைப் போடுங்கள். பனீரும் ஆகும், அவித்த முட்டையும் ஆகும். சைவ வீட்டில் பனீர்தான் சௌகரியம். மணி கேட்டதும் நாய் கதவுக்குப் பதில் பாயைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும் வரை இதைச் செய்யுங்கள்.

2. பிறகு வீட்டார் ஒருவர் வெளியே போய் நிஜ மணியை அடிக்கட்டும். அதே பாய், அதே துண்டுகள்.

3. பிறகு நிஜமான வெளியாள். நாய் பாயில் இருந்தால்தான், அல்லது அறைக்கதவு சாத்தியிருந்தால்தான், வாசற்கதவு திறக்க வேண்டும். பழகும் வரை டெலிவரிக்காரரை "வாசல்லயே வெச்சிடுங்க" என்று போனில் சொல்லிவிடுங்கள். வாசலில் நிற்கும் பையனுடைய காலும் பிழைப்பும் உங்கள் பயிற்சிக்கான கருவி ஆகிவிடக் கூடாது.

உள்ளே வந்து உட்காரும் விருந்தாளிக்கு மூன்று வாக்கியம் போதும்: பார்க்காதீர்கள், கை நீட்டாதீர்கள், அதுவாக வரும். வந்தால் தலையில் தட்டாமல் மார்பிலோ தாடைக்குக் கீழோ சொறியலாம். மூன்று நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். நாய் இன்னும் நெருங்கினால் தொடரலாம், தள்ளிப்போனால் விட்டுவிட வேண்டும். எனக்குத் தெரிந்து இதில் சொல்லிப் புரியவைக்கக் கடினமானவர்கள் நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் அல்ல. "எனக்கு நாய்ன்னா உயிர், என்னை எந்த நாயும் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிக்கொண்டே முகத்தோடு முகம் வைக்கக் குனியும் மாமாக்கள்தான். மாமா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தடுத்துவிடுங்கள்.

செயினும் அடியும்

முரட்டுக் காவல் நாய் வேண்டும் என்பதற்காகக் குட்டியை இருட்டறையில் கட்டி, ஆள் முகம் காட்டாமல் வளர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உருவாவது வீரம் அல்ல, எல்லோரையும் கண்டு அஞ்சும் நாய். ஓட வழியிருந்தால் ஓடும். கட்டிப்போட்டிருப்பதால் கடிக்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் வெளியான ஆய்வில், கடித்த நாய்கள் முற்றத்தில் செயினில் கட்டப்பட்டவையாக இருக்கும் வாய்ப்பு 2.8 மடங்காக இருந்தது. ஆணா பெண்ணா, கருத்தடை ஆனதா என்பதும் அதில் கணக்கானது. நாள் முழுக்கக் குட்டைச் செயினில் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாடிப்படிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஆயுசு முழுக்கக் கிடக்கும் நாய்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அவை கடித்தால் நாயைத்தான் குற்றம் சொல்கிறோம்.

அடி இன்னும் மோசம். புது ஆளைப் பார்த்து நாய் குரைக்கிறது, நீங்கள் அடிக்கிறீர்கள். நாய் கற்றுக்கொள்வது 'குரைக்கக் கூடாது' என்பதை அல்ல. புது ஆள் வந்தால் அடி விழும் என்பதை. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கொண்டுவந்தவர்களிடம் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். நாயை அடித்ததாக அல்லது உதைத்ததாகச் சொன்னவர்களில் 43 சதவீதம் பேர், அதற்கு நாய் எதிர்த்துச் சீறியது என்றார்கள். மல்லாக்கப் புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம். கண்ணைக் கண் பார்த்து முறைத்தவர்களில்கூட 30 சதவீதம். 'யார் எஜமான் என்று காட்ட வேண்டும்' என்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர், கழுத்தில் முள் காலரோடு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உறுமினால் நன்றி சொல்லுங்கள்

உறுமல் என்பது நாய் பேசும் மொழியில் 'தள்ளிப் போ' என்பதற்கு மிக நாகரிகமான வடிவம். அதற்கு முன்பே அது வேறு விதமாகவெல்லாம் சொல்லியிருக்கும். வீட்டுக்கு வந்த குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாயைக் கவனியுங்கள். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தின்ன எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் குழந்தைப் பக்கம் ஓட்டும், வெள்ளை விழி பிறைபோலத் தெரியும். பிறகு வாயை மூடிக்கொண்டு ஒரு நொடி அசையாமல் நிற்கும். அந்த அசையாத நொடிதான் கடைசி எச்சரிக்கை. போட்டோ எடுப்பவர் "பாரு, எவ்ளோ பொறுமையா இருக்கு" என்று சொல்வதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

உறுமியதற்காகத் திட்டியும் அடித்தும் பழக்கினால் உறுமல் போய்விடும், பயம் போகாது. அப்புறம் சொல்லாமல் கடிக்கும். ஆகவே உறுமினால் குழந்தையை மெல்ல விலக்குங்கள், நாய்க்குப் போவதற்கு வழி விடுங்கள், எதற்காக உறுமியது என்று யோசியுங்கள். சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடவே வேண்டாம், எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும்.

தெருவிலும் லிஃப்டிலும்

கழுத்துப் பட்டையைவிட மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது. எதிரே ஆள் வரும்போதெல்லாம் கழுத்து இறுகினால், ஆள் வந்தால் வலி வரும் என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கயிறு கையில் தளர்வாக இருக்கட்டும். நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. இருந்தாலும் உள்ளே பயப்படுகிறவர் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் பயப்படும் மனிதரும் பயப்படும் நாயும் சேர்ந்து நிற்க வேண்டாம். ஏறினால் நாயை மூலையில் விட்டு, அதற்கும் மற்றவருக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். மாநகராட்சி உரிமத்தையும் வாங்கிவிடுங்கள். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவைப்படும்.

வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால்

கிண்டியிலுள்ள புளூ கிராஸ் மாதிரி இடங்களிலிருந்தோ தெருவிலிருந்தோ வளர்ந்த நாயை எடுத்துவருபவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதன் முன்கதை உங்களுக்குத் தெரியாது, அதன் உடம்புக்குத் தெரியும். கையில் குச்சி எடுத்தால் பதுங்குகிறதா, துடைப்பத்தைப் பார்த்தால் பல்லைக் காட்டுகிறதா, ஆண்களிடம் மட்டும் ஒதுங்குகிறதா என்று பாருங்கள். முதல் சில நாள் ஒடுங்கிக் கிடக்கும், சில வாரத்தில் நிஜ குணம் தெரியும், வீடு தன் வீடு என்று ஆவதற்கு மூன்று மாதம்கூட ஆகலாம். முதல் வாரத்திலேயே உறவுக்காரர்களை அழைத்து நாய் காட்டும் விழா நடத்தாதீர்கள்.

தெருநாய்களைப் பலரும் பிறவி முரடு என்று நினைக்கிறார்கள். டீக்கடை வாசலில் பிறந்து வளர்ந்த நாய் ஒரு நாளில் பார்க்கும் புது முகங்களை ஃபிளாட் நாய் ஒரு மாதத்தில் பார்க்காது. அதனால்தான் அவற்றில் பல அத்தனை நிதானமாக இருக்கின்றன. கல்லெறியும் தெருவில் வளர்ந்தவைதான் கையை ஓங்கியதும் சீறுகின்றன.

ஏற்கெனவே சீறுகிற நாய் என்றால்

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, சென்னையில் ஓயாமல் வரும் உண்ணிக் காய்ச்சல் எதுவும் நாயைச் சிடுசிடுப்பாக்கும். நேற்று வரை நன்றாக இருந்து திடீரென்று மாறிய நாய்க்கு உடம்பில் ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எல்லாப் பிரிவும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும். விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரை மாதிரி அகலமான இடம் தோது. வெயில் ஏறினால் தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டுவிடும் என்பதற்காகவும் காலைதான் நல்லது. ஆளைப் பார்த்தும் நாய் தின்னும் தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பதடியாக இருக்கலாம், நூறடியாக இருக்கலாம். ஆள் கண்ணில் பட்டதும் கோழித் துண்டு, ஆள் மறைந்ததும் துண்டு நிற்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஆள், பிறகு துண்டு. முதலில் துண்டைக் காட்டினால் துண்டே ஆபத்தின் அறிகுறி ஆகிவிடும். கொஞ்ச நாளில் நாய் ஆளைப் பார்த்துவிட்டு உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அப்போது இரண்டடி நெருங்கலாம். குரைத்துவிட்டால் நெருங்கியது அதிகம் என்று அர்த்தம். திட்டாமல் பின்வாங்குங்கள். வாரங்களில் தெரியும் மாற்றம் இது, நாட்களில் எதிர்பார்க்காதீர்கள். 6 மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் நடுவே இருக்கும் நாய் என்றால் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததுகூட நடுவில் ஒருமுறை பின்னோக்கிப் போகும்.

இந்தக் காலத்தில் வாய்க்கவசம் பழக்கிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். அதில் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணியில் இறுக்கிக் கட்டும் வகை இந்த ஊர் வெயிலில் உயிருக்கே ஆபத்து. கவசத்தின் உள்பக்கம் தயிரைத் தடவி, நாய் தானாக மூக்கை நுழைக்கும் வரை பட்டையை மாட்டாதீர்கள்.

கடித்துவிட்டால்

முதலில் கடிபட்டவர். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப்போங்கள், செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். மருத்துவரிடம் கேளுங்கள்.

பிறகு நாய். அடிக்காதீர்கள், எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். 10 நாள் வீட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். தின்பது, குடிப்பது, நடப்பது, குரல் எதில் மாற்றம் தெரிந்தாலும் உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். நினைவு மங்குவதற்குள் ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள்: யார் வந்தார், கையில் என்ன வைத்திருந்தார், நாய் எங்கே இருந்தது, ஓட வழி இருந்ததா, கடிப்பதற்கு முன் உறுமியதா, அதற்கு முந்தைய இரண்டு நாளில் பட்டாசு, விருந்து, இடமாற்றம், உடம்பு சரியில்லாமை ஏதாவது உண்டா. நாயின் நடத்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் போகும்போது அந்தக் காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.